நோய் தீரவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்று அர்த்தமா?

சகோதரி, துன்பத்தில் கர்த்தரை நம்புவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாக உங்கள் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. கடையை மூடிவிட்டீர்கள், நகை அடகில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஜெபித்த குழுவில் ஒருவர், "மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் உங்கள் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் தாமதமாகிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இப்போதெல்லாம் முழங்காலில் நின்றால் வார்த்தையே வருவதில்லை." நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உங்கள் நம்பிக்கை செத்துவிட்டதா, அந்தக் குற்றத்துக்கு அவர் தண்டனை அனுபவிக்கிறாரா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதற்கு என் பதில்: இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற ஆயர். சில ஆண்டுகள் இறையியல் மாணவர்களுக்குப் பழைய ஏற்பாடு கற்பித்தேன். அதைவிட நீண்ட காலம் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்தில் இருந்தேன். நான் மருத்துவன் அல்ல, சிறுநீரகத்தைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதே சரி. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊழியத்தின் தொடக்கத்தில், குழந்தைகள் வார்டில் மகனுடைய கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனிடம் போய், "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தைத் தொடங்கினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஐயா, அந்த வசனம் எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்" என்றார். உங்களைப் புண்படுத்தியவரை நான் கடுமையாகப் பேசாததற்குக் காரணம் அதுதான். அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன்.

பாவமும் நோயும் பற்றி வேதம் சொல்வதில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு பகுதி இருக்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று கேட்டார்கள். இயேசு இரண்டையும் மறுத்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்றார். யோபு புத்தகத்தின் முடிவில் தேவனுடைய கோபம் மூளுவது யார்மேல் என்று பாருங்கள். பிறந்த நாளைச் சபித்து, தேவனையே வழக்குக்கு அழைத்த யோபின்மேல் அல்ல. "நீ ஏதோ செய்திருப்பாய்" என்று பக்கம் பக்கமாகத் தேவனுக்காக வாதாடிய மூன்று நண்பர்கள்மேல். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்பது அங்கே தீர்ப்பு. அந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்ததாக இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் யோபு அவர்களுக்கு "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வைத்தான்.

நேர்மைக்காக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெதஸ்தா குளத்தருகே சுகமானவனிடம், இனிப் பாவஞ்செய்யாதே, இதைவிடக் கேடானது வராதபடிக்கு என்று இயேசு எச்சரித்ததும் யோவானில்தான் இருக்கிறது. ஆகவே பாவத்துக்கும் துன்பத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். குடித்துக் குடித்து ஈரல் கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நோயைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இன்னொருவர் வீட்டுப் பாவத்தைக் கண்டுபிடிக்கும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நம் நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணங்கள் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும். அவை சபை மூப்பர் வீட்டையும் விடுவதில்லை.

இனி விசுவாசம் போதவில்லை என்ற குற்றச்சாட்டு. இதற்கு அவர்கள் வழக்கமாகக் காட்டுவது யாக்கோபு ஐந்தாம் அதிகாரம்: "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்." அந்த இடத்தை முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியதாகச் சொல்லப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று, சபையின் மூப்பர்களை வரவழைப்பது. எண்ணெய் பூசி ஜெபிக்கிறவர்கள் மூப்பர்கள். அந்த விசுவாசம் ஜெபிக்கிறவர்களுடையது. படுத்திருப்பவரின் விசுவாசத்தை அளந்து பார்க்க அந்த வசனத்தில் இடமே இல்லை. (இந்தத் தர்க்கத்தை முழுக்கப் பிடித்துக்கொண்டால், சுகம் வராததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் வீட்டுக்கு வந்த அந்த மனிதர்தான். ஆனால் அந்த ஆட்டத்தையும் ஆட வேண்டாம்.) "இரட்சிக்கும்" என்ற கிரேக்கச் சொல் உடல் சுகத்தையும் குறிக்கும், கடைசி நாளின் மீட்பையும் குறிக்கும். யாக்கோபு எதை மனதில் வைத்து எழுதினார் என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை.

கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று மாற்கு எழுதுகிறார். "அவர்கள்" என்பது படுக்கையைச் சுமந்து வந்தவர்களைச் சேர்த்துத்தான். படுத்திருந்தவன் அந்தக் காட்சியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதாக இல்லை.

எபிரெயம் கற்றுக்கொடுத்த நாட்களில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை நான் நிறுத்தி வைக்கும் இடம் ஒன்று உண்டு. ஆபகூக்கில் "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று வருகிறதே, அங்கே விசுவாசம் என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல் எமூனா. உறுதி, நிலைத்திருத்தல், உண்மையாயிருத்தல் என்பது அதன் பொருள். மனதுக்குள் பொங்கும் உணர்ச்சிக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. வேதத்தை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தால் இந்தச் சொல் முதன்முதலாகத் தென்படும் இடம் யாத்திராகமம் பதினேழாம் அதிகாரம். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசேயின் கைகள் உயர்ந்திருக்கும்போது இஸ்ரவேல் மேற்கொள்கிறது, தாழும்போது அமலேக்கு மேற்கொள்கிறது. கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் ஒரு பக்கமும் நின்று கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். "அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் ஒரே நிலையாயிருந்தது" என்று தமிழ் வேதாகமம் சொல்கிறது. அந்த "ஒரே நிலை"தான் எமூனா. கைகள் மோசேயுடையவை, ஆனால் அந்த உறுதி மூன்று பேருடையது. விசுவாசம் என்றதும் தனியாளாக நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாம் கற்பனை செய்கிறோம். அந்தச் சொல் வேதத்தில் உள்ளே வருவதோ களைத்துப்போன ஒரு கிழவனின் தொங்கும் கைகளோடு.

என் மனைவி இறந்த பிறகு பல மாதங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. அடுத்தவர்களுக்கு ஜெபிப்பேன், அது தொழிலாகிவிட்டது. எனக்கென்று வாய் திறக்கவில்லை. மாலை ஆராதனையில் பரமண்டல ஜெபத்தைச் சபை சொல்லும், நான் உதட்டை மூடிக்கொண்டு நடுவில் நிற்பேன். அவர்கள் சொன்னது எனக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டேன். "எங்கள் பிதாவே" என்றுதானே அது தொடங்குகிறது.

உங்களுக்கு இன்னும் இரண்டு வசனங்கள் ஆறுதலாகச் சொல்லப்பட்டு உறுத்தலாக மாறியிருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒன்று, தாங்க முடியாததைக் கர்த்தர் கொடுக்கமாட்டார் என்பது. அது 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. "திராணிக்கு மேலாக" என்று அங்கே பேசப்படுவது விக்கிரகாராதனைக்கு இழுக்கும் சோதனையைப் பற்றி. தமிழில் சோதனை என்றால் பாவத்துக்கான தூண்டுதலும் உண்டு, கஷ்டமும் உண்டு. கிரேக்கச் சொல்லும் அப்படித்தான் இரண்டுக்கும் பொருந்தும், குழப்பம் அதனால் வருகிறது. கஷ்டத்தைப் பற்றி அதே பவுல் தன் அனுபவமாக எழுதியது இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது: பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று. அப்போஸ்தலனுக்குத் தாங்க முடியாமல் போயிருக்கிறது. உங்களுக்குத் தாங்க முடியவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றது எரேமியா 29:11. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் இது வராத ஆண்டு இருக்காது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம்தான். ஆனால் அது கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதத்தை வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். இந்தக் கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அறிவிக்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு எரேமியா சொல்லும் முதல் பதில்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவனுக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனாலும் கடைசியில், நீ ஜனங்களைப் பொய்யை நம்பும்படி செய்தாய் என்றுதான் அனனியாவிடம் சொல்ல வேண்டியதாகிறது. சிறையிருப்பில் இருப்பவர்களுக்கு எரேமியாவின் கடிதம் சொல்வதோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று. இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும் என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது விசுவாசம் போலத் தோன்றும். அந்த அந்நிய மண்ணில் கத்தரிச்செடி நடுவதுதான் இங்கே விசுவாசம். உங்கள் நிலைமைக்கு இதை நேராகவே சொல்கிறேன்: சுகமாகிவிட்டது என்று அறிக்கையிட்டு டயாலிசிஸை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால், கதவைக் காட்டுங்கள். நிறுத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

தெளிவில்லாத இடங்களுக்கும் வருகிறேன். அடக்க ஆராதனைகளில் நாம் சொல்லும் யோபு 13:15, "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்பது, எபிரெய மூலத்தில் அவ்வளவு நேரானதல்ல. அங்கே வரும் லோ என்ற சொல்லை எழுதியிருக்கும் எழுத்தின்படி படித்தால் "இல்லை" என்று பொருள், எனக்கு நம்பிக்கை இல்லை என்றாகிவிடும். ஓரக்குறிப்பு சொல்லும்படி படித்தால் "அவருக்காக" என்று பொருள், அவருக்காகக் காத்திருப்பேன் என்றாகும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பே இந்த வசனத்தை எடுத்துவைத்து, காத்திருப்பேனா, காத்திருக்கமாட்டேனா என்பது இன்னும் தீரவில்லை என்கிறது. நான் எதைத் தேர்ந்துகொள்வேன் என்று மாணவர்கள் கேட்பார்கள். சில நாள் அப்படி, சில நாள் இப்படி. ஆனால் எப்படிப் படித்தாலும் அடுத்த வரி மாறுவதில்லை: தன் வழக்கை அவர் முகத்துக்கு முன்பாகவே சொல்வேன் என்கிறான் யோபு. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. வழக்காடுவதற்காவது அங்கேயே நிற்கிறான்.

உங்களுக்கு வார்த்தை வராததைப் பற்றி. சங்கீதங்கள் நூற்றைம்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல்கள். நம் சபைகளின் துதி வேளையை மட்டும் பார்த்தால் இது யாருக்கும் தெரியவராது. பதின்மூன்றாம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. பெரும்பாலான புலம்பல்கள் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். எண்பத்தெட்டாம் சங்கீதம் திரும்பவில்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அதைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல வரி சேர்த்து முடித்திருக்கலாம், சேர்க்கவில்லை. அது அப்படியே ஜெபம் என்று கணக்கில் வைக்கப்பட்டது. சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரிதான், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

அற்புத சுகம் நடப்பதில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர்கள் கைவிரித்த பிறகு எழுந்து நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு சேர்ந்து நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் சாட்சி நேரத்தில் மைக் கிடைப்பது எழுந்தவர்களுக்கு மட்டும்தான். பவுல் துரோப்பீமுவை வியாதியாக மிலேத்துவில் விட்டுவந்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதினான். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டினான், முள் எடுக்கப்படவில்லை. அது கண்நோயா வேறு எதுவா என்பது இன்றுவரை ஊகம்தான். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரை அறிந்தவர்களுக்கு, அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைச் சொல்லத் தேவையில்லை. 1931 அக்டோபரில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவரைச் சுற்றி இருந்தது, ஜெபிப்பதையே மூச்சாகக் கொண்ட ஒரு பெரிய குடும்பம். எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை நாம் விசுவாச வீரர்களின் பட்டியல் என்கிறோம். அதில் விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்கிற வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளி, வேறு சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்று வருகிறது. ஒரே விசுவாசம், ஒரே பட்டயம்.

அப்படியானால் தேவன் ஏன் ஒருவரைத் தப்புவித்து இன்னொருவரை விட்டுவிடுகிறார்? இங்கே என் படிப்பு முடிந்துவிடுகிறது. தேவனுடைய சித்தம் இல்லாமல் ஒரு மயிரும் விழாது என்று அழுத்துகிற திருச்சபை மரபுகளும் இருக்கின்றன. அவர் அனுமதிக்கிறார், ஆனால் அனுப்புவதில்லை என்று பிரித்துச் சொல்கிற மரபுகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் வசனம் உண்டு, இரண்டிலும் ஓட்டை உண்டு. "அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை" என்ற புலம்பல் மூன்றாம் அதிகார வரியை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். யோபுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. பரலோகத்தில் நடந்த உரையாடல் வாசகர்களான நமக்குத் தெரியும், அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அவனுடைய ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பின, பிள்ளைகளோ முன்போலவே பத்துப் பேர்தான். செத்த பத்துப் பேர் செத்தவர்கள்தான். அதைச் சரிக்கட்டிவிட்டதாக அந்தப் புத்தகம் எங்கும் சொல்லவில்லை.

இப்போது செய்யக்கூடியது சில. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தூதன் அவனுக்கு வேதபாடம் நடத்தவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி அடை கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. தூக்கம் வாரக்கணக்கில் வராவிட்டாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்துபோனாலோ, கணவருடைய மருத்துவரிடமே உங்களுக்காகவும் ஒரு முறை பேசுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால் எண்பத்தெட்டாம் சங்கீதத்தைத் திறந்து மெதுவாக வாசியுங்கள், ஆமென் சொல்லக்கூடத் தேவையில்லை. அந்த ஜெபக்குழு அடுத்த முறை வரும்போது கூடத்தில் வட்டமாக உட்காரவைக்காதீர்கள். ஒரு டயாலிசிஸ் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். வாரத்தில் ஒரு நாள் நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்க, அவரோடு மருத்துவமனைக்குப் போய் அந்த நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க யாரால் முடியும் என்று கேளுங்கள். யாராவது ஒருவர் கை தூக்குவார். தூக்காவிட்டால் உங்கள் ஆயரிடம் கேளுங்கள், அது அவருடைய வேலைதான்.